கடலோர ஊரில் தோல் பூட்ஸ்: வாங்குவது, அணிவது, காப்பது

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருப்பவர் தோல் பூட்ஸ் வாங்கப் போவதாகச் சொன்னால், இந்த வெயிலுக்கு எதற்கு என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் காலையில் பைக்கில் கடலூர் சிப்காட்டுக்கோ சேதராப்பட்டுக்கோ வேலைக்குச் சென்று, மாலையில் கடைத்தெருவுக்குப் போய், விடுமுறை நாளில் செஞ்சிக் கோட்டை ஏறும் ஒருவருக்குக் கணுக்கால் வரை மூடும் ஒரே ஜோடி பூட்ஸ் இவை அனைத்துக்கும் போதும். நம் பக்கத்தில் அதைக் கெடுப்பது தேய்மானத்தைவிட ஈரமே என்பதால், கீழுள்ள ஒவ்வொரு படியும் ஈரத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

படி 1: தோலைப் பாருங்கள்

'ஜெனியூன் லெதர்' என்ற முத்திரை, அது தோல் என்பதைச் சொல்லுமே தவிர, நல்ல தோல் என்பதைச் சொல்லாது. மேற்பரப்பைத் தேய்த்து எடுக்காமல் இயற்கையான அமைப்புடன் விட்ட தோலை 'ஃபுல் கிரெய்ன்' என்பார்கள். நெடுநாள் உழைப்பது அதுதான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் தோன்றி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்லது. மேலே தடித்த பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோல் அவ்வாறு சுருங்காது. சில மாதங்களில் மடியும் இடத்தில் பூச்சு உரிந்துவிடும். வெட்டு ஓரத்தில் நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின்.

தோல் பதனிடும் முறையையும் கடையில் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது பழைய முறை. இன்று காலணித் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்புகளால் பதனிடப்படுகிறது. பட்டையில் பதனிட்ட தோல் அழகாக நிறம் முதிரும், ஆனால் நனைந்தால் எளிதில் கறைபடும். அடிக்கடி மழையில் நடப்பவருக்குக் குரோமியத் தோலையே பரிந்துரைப்பேன். 1978இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் போன்ற நிறுவனங்களால் தோல் பைகள் நமக்கு நன்கு அறிமுகமானவை. ஆனால் பைக்கு ஏற்ற மென்மையைப் பூட்ஸில் தேடக் கூடாது. பூட்ஸுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். நிறத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: அடர் பழுப்பு அலுவலகப் பேண்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் ஒத்துப்போகும், புழுதியையும் மறைக்கும்.

படி 2: அடியைத் திருப்பிப் பாருங்கள்

பலரும் தவறவிடும் இடம் இதுதான். எடை குறைந்த பூட்ஸ்களின் சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. போட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றின் ஈரம் அந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து, ஒரு திருமணத்துக்கென்று எடுத்துப் போட்டதும் சோல் புட்டு போல உதிர்வது இதனால்தான். அணியாமல் வைத்தாலும் கெடும் பொருள் அது. கடற்காற்று வீசும் ஊரில் ரப்பர் சோலே பாதுகாப்பானது. சற்று கனக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மேல்தோலும் சோலும் பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா, ஓரம் முழுவதும் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 'வெல்ட்' எனப்படும் தோல் பட்டையை நடுவில் வைத்துத் தைத்த பூட்ஸுக்கு விலை அதிகம், ஆனால் சோல் தேய்ந்தால் புதிய சோல் போடலாம்.

படி 3: மாலையில் அளவு பாருங்கள்

நாள் முழுதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில், நீங்கள் அணியப் போகும் சாக்ஸுடன் போட்டுப் பார்ப்பது நல்லது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். புதிய பூட்ஸில் குதிகால் சிறிது எழும்புவது இயல்பு. பக்கவாட்டில் பாதத்தை இறுக்கினால் வாங்காதீர்கள், ஏனெனில் தோல் அகலத்தில் கொஞ்சம்தான் நெகிழும், நீளத்தில் நெகிழவே நெகிழாது.

லேஸ் வைத்ததா, பக்கவாட்டில் ஜிப் அல்லது எலாஸ்டிக் வைத்ததா என்பது உங்கள் நாளைப் பொறுத்தது. வீடு, கோயில், டாக்டர் கிளினிக் என்று வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டிய நம் வாழ்க்கைக்கு எலாஸ்டிக் வைத்ததே வசதி. கோட்டைப் படியோ கரடுமுரடான பாதையோ ஏறுபவர்களுக்குக் கணுக்காலைப் பிடிக்கும் லேஸ் வேண்டும்.

படி 4: பழக்குங்கள்

முதல் வாரம் வீட்டுக்குள் ஓரிரு மணி நேரம், பிறகு கடைக்குப் போய்வரும் தூரம், அதன்பின் முழு நாள். சாக்ஸ் முழுப் பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொண்டு கொப்புளத்தை வரவழைக்கும். செயற்கை இழை கலந்தது சீக்கிரம் உலரும். பைக் ஓட்டுபவர்களின் இடது பூட்ஸின் முன்பகுதியை கியர் நெம்புகோல் தேய்த்துவிடும் என்பதால், அதற்கென விற்கும் ரப்பர் உறையை நெம்புகோலில் மாட்டிவிடுங்கள்.

படி 5: எங்கு அணியலாம், எங்கு கூடாது

தொழிற்சாலையில் பாதுகாப்புக் காலணி கட்டாயம் என்றால், இந்தச் சாதாரண பூட்ஸ் அதற்கு மாற்றாகாது. ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதிப்படி, பாதுகாப்புக் காலணியில் விரல்களைக் காக்கும் முன்மூடி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். அங்கே நிறுவனம் கொடுப்பதையே அணியுங்கள். பிச்சாவரத்து உப்புச் சேற்றுக்கும், தானே, ஃபெஞ்சல் போன்ற புயல்களுக்குப் பின் தெருவில் தேங்கும் நீருக்கும் கம்பூட்ஸ்தான் சரி. தூறலும் ஈரச் சாலையும் தோல் பூட்ஸுக்குப் பொருட்டல்ல.

படி 6: ஈரத்தைக் கையாளுங்கள்

ஒரே பூட்ஸைத் தொடர்ந்து இரண்டு நாள் அணியாதீர்கள். உள்ளே இறங்கிய வியர்வை உலர ஒரு நாளாவது ஆகும். இடைப்பட்ட நாளுக்குப் பழைய ஷூவோ செருப்போ போதும். கழற்றியதும் லேஸைத் தளர்த்தி, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை முன்னால் இழுத்து, உள்ளே பாதம் படும் இன்சோலை வெளியே எடுத்து வையுங்கள்.

நன்றாக நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறி ஓடும் நிழலான இடத்தில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைப்பவர்கள்தான் அதிகம். நனைந்த தோலின் நார்கள் சூட்டில் சுருங்கிவிடும். அப்படி விறைத்த பூட்ஸை எந்த பாலிஷும் மீட்காது. உலர்ந்தபின் தோல் கண்டிஷனரை மெல்லிய துணியில் தொட்டு, கொஞ்சமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், வேண்டாம். அது தோலைக் கருப்பாக்கும், அதிகமானால் தொளதொளக்கச் செய்யும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அலைத்தெறிப்பு பட்டு, காய்ந்தபின் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அது உப்பு. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, பின்னர் வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூடிய அலமாரி, பிளாஸ்டிக் பை இரண்டையும் தவிர்த்து, காற்றோட்டமான திறந்த தட்டில் வையுங்கள். பூஞ்சை படிந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுடன் அதே அளவு தண்ணீர் கலந்து, முதலில் நாக்கின் அடிப்பகுதி போன்ற மறைவான இடத்தில் நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற இடங்களைத் துடையுங்கள். உலர்ந்ததும் மீண்டும் கண்டிஷனர்.

படி 7: சோல் மாற்றுங்கள்

குதிகால் ரப்பர் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, அடுத்த அடுக்கு தரையைத் தொடுவதற்கு முன்பே காலணி தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்போது குதி ரப்பர் மட்டும் மாற்றினால் போதும். அந்த அடுக்கும் தேய்ந்தபின் கொண்டுபோனால் குதியையே புதிதாகக் கட்ட வேண்டிவரும், கூலியும் அதற்கேற்ப ஏறும். பிரிந்த தையலை ஒட்டித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், நைலான் நூலில் தைத்துத் தரும்படி கேளுங்கள்.