ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு டூல், லைப்ரரி எடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு சின்ன டூல் எழுதி ஓப்பன் சோர்ஸா, அதாவது யார் வேணாலும் கோட பாத்து மாத்தற மாதிரி, போட்டேன். சப்டைட்டில் ஃபைல்ல வசனம் முன்னாடி பின்னாடி ஓடுச்சுன்னா நேரத்த தள்ளி சரி பண்ற டூல், அவ்வளவுதான். கோடு மொத்தமே 400 வரி இருக்கும். ஆனா அத பில்ட் பண்ண (கோட ஓடற ப்ரோக்ராமா ஆக்க) டாக்கர்ங்கற, ப்ரோக்ராம தனிப் பெட்டிக்குள்ள ஓட்டற டூல் வேணும், அதுக்குள்ள அப்ப புதுசா வந்த ஒரு பில்ட் டூல், அதுக்கு மேல கோடுல தப்பு தேடற லின்டர் ரெண்டு, மாத்தினத கமிட் பண்றதுக்கு (பதிவு பண்றதுக்கு) முன்னாடி தானா ஓடுற ஹூக் நாலஞ்சுன்னு அடுக்கி வச்சிருந்தேன். ஒருநாள் யாரோ ஒருத்தர் இஷ்யூ (ப்ராஜெக்ட் பேஜ்ல எழுதற புகார்) போட்டாரு, "இந்த வரியில தப்பு இருக்கு, இப்படி மாத்தினா சரியாகிடும், புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம்னு பாத்தேன், ஆனா ஒரு மணி நேரமா உங்க ப்ராஜெக்ட் என் மெஷின்ல எழுந்திரிக்கவே மாட்டேங்குது, அதனால பேட்ச இங்கயே ஒட்டிட்டு போறேன்". புல் ரிக்வெஸ்ட்னா என் மாத்தத்த சேத்துக்கோங்கன்னு அனுப்பறது, பேட்ச்னா அந்த மாத்தம். ஒரு வரி பேட்ச். படிச்சப்ப கொஞ்சம் வெக்கமாவே இருந்துச்சு.

முதல் தப்பு அதுதான், நாம கத்துக்க ஆசைப்படுற டூல ப்ராஜெக்ட் தலையில கட்டுறது. கம்பெனி வேலைன்னா புதுசா சேர்றவருக்கு பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பாங்க, சம்பளமும் வருது, ரெண்டு நாள் செட்டப்புலயே போனாலும் பொறுத்துப்பாங்க. ஓப்பன் சோர்ஸ்ல வர்றவரு யாருன்னே தெரியாது, லீவு நாள்ல ராத்திரி ஒரு மணி நேரம் கிடைச்சுதுன்னு வந்திருப்பாரு, குளோன் பண்ணி (தன் மெஷினுக்கு காப்பி எடுத்து) ரெண்டு கமாண்டுல டெஸ்ட் ஓடலன்னா டேப்ப மூடிட்டு போயிடுவாரு, போனாருன்னு கூட நமக்கு தெரியாது. அதனால அந்த மொழிக்காரங்க கண்ண மூடிட்டு எத டைப் பண்ணுவாங்களோ அதையே வைங்க. சி மொழி ப்ராஜெக்ட்டுன்னா மேக்கோ சிமேக்கோ, ரஸ்ட் மொழின்னா கார்கோ. போர் அடிக்கும்தான், அடிக்கட்டும். புது டூல கத்துக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு பொம்மை ப்ராஜெக்ட் வச்சுக்கலாம், அத யாரும் குளோன் பண்ணப் போறதில்ல.

அடுத்தது ஸ்டார் (பிடிச்சவங்க ப்ராஜெக்ட் பேஜ்ல போடற லைக் மாதிரி) எண்ணிக்கைய பாத்து லைப்ரரி, அதாவது அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு, எடுக்கறது. ஸ்டாருங்கறது ஏறுமே தவிர பெருசா இறங்காது. ஜாவாஸ்கிரிப்ட்ல தேதி வேலைக்கு மொமன்ட்னு ஒரு லைப்ரரி, அதோட டீமே 2020 செப்டம்பர்ல "இது இனிமே மெயின்டனன்ஸ் மட்டும்தான், புது ப்ராஜெக்ட்டுல எடுக்காதீங்க"ன்னு வெளிப்படையா எழுதிட்டாங்க, ஸ்டார் என்னமோ அப்படியே மின்னிட்டுதான் இருக்கு. அதே வருஷம் பிப்ரவரியில ரிக்வெஸ்ட்ங்கற லைப்ரரியையும் டெப்ரிகேட் பண்ணாங்க, அதாவது இனிமே இத எடுக்காதீங்கன்னு அறிவிச்சாங்க. இன்ஸ்டால் பண்ணும்போது மஞ்சள் கலர்ல வார்னிங் வரும், நாம அத படிக்கவா செய்றோம், ஸ்க்ரோல் பண்ணிட்டு அடுத்த வேலைய பாப்போம்.

நான் இப்ப வேற மாதிரி பாக்கறேன். இஷ்யூ பேஜ திறந்து மூடின இஷ்யூக்கள்ல ஒரு பத்த படிப்பேன், பதில் சொல்றது எத்தனை பேரு, எரிச்சலா சொல்றாங்களா பொறுமையாவா, "போன ரிலீஸ்ல ஒடைஞ்சிடுச்சு"ன்னு எத்தனை புகார், இத பாத்தாலே பாதி ஜாதகம் தெரிஞ்சிடும். அப்புறம் சேஞ்ச்லாக், ஒவ்வொரு ரிலீஸ்லயும் என்ன மாறுச்சுங்கற பட்டியல். கடைசி கமிட் ரெண்டு வருஷம் முன்னாடின்னா உடனே செத்துப்போச்சுன்னு முடிவு பண்ண வேண்டாம், சில லைப்ரரி வேலை முடிஞ்சு போனதால சும்மா இருக்கும், ஒரு சின்ன ஃபார்மட்ட பார்ஸ் பண்றதுக்கு (படிச்சு பிரிக்கறதுக்கு) மாசாமாசம் என்ன ரிலீஸ் வேணும்? ஆனா திறந்த இஷ்யூல செக்யூரிட்டி புகார் ஒன்னு ஆறு மாசமா பதிலே இல்லாம கிடந்தா அது வேற கதை.

எத்தனை பேர் பராமரிக்கிறாங்கங்கறதையும் பாக்கணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. 2018ல ஈவன்ட்-ஸ்ட்ரீம்னு ஒரு பேக்கேஜ் (இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டி வச்ச லைப்ரரி), எழுதினவருக்கு அதுல ஆர்வம் போயிடுச்சு, உதவி பண்றேன்னு வந்த அறிமுகமில்லாத ஆள் கையில சாவிய கொடுத்துட்டாரு, அந்த ஆள் பிட்காயின் வாலட்ட திருடுற கோட உள்ள நுழைச்சிட்டான். அதவிட பெருசு எக்ஸ்இசட், ஃபைல சுருக்கற கம்ப்ரஷன் லைப்ரரி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும். ரொம்ப நாளா ஒத்த ஆள்தான் பாத்துட்டு இருந்தாரு, களைச்சும் போயிருந்தாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா பேட்ச் அனுப்பி, நம்பிக்கைய சம்பாதிச்சு, கூட்டு மெயின்டெய்னராவே ஆன ஒரு ஐடி, 5.6.0, 5.6.1 ரிலீஸ்ல பின்கதவு (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வச்சிடுச்சு. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்ங்கற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் தன் டெபியன் லினக்ஸ் மெஷின்ல எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழையற முறை) லாகின் வழக்கத்தவிட அரை செகண்ட் கூட எடுக்குதேன்னு நோண்டப் போய்தான் 2024 மார்ச் கடைசியில அது வெளிய வந்துச்சு. அரை செகண்ட்! நம்மள மாதிரி ஆளா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்போம். இன்னொன்னு, பின்கதவ முழுசா ஓட வைக்கிற ஸ்கிரிப்ட் கிட் ரிப்போல (கோடும் அதோட வரலாறும் இருக்கற இடத்துல) இல்ல, ரிலீஸ் டார்பால்ல (டவுன்லோடுக்கு கட்டித் தர்ற ஃபைல்ல) மட்டும்தான் இருந்துச்சு, அதனால கிட்ல கோட படிச்சவங்க கண்ணுல அது படவே இல்ல. இதனால ஒத்த ஆள் லைப்ரரிய எடுக்கவே கூடாதுன்னு சொல்ல வரல, அப்படி பாத்தா பாதி உலகம் ஓடாது. எடுக்கறப்ப தெரிஞ்சு எடுங்க, முடிஞ்சா அந்த மனுஷனுக்கு ரெண்டு இஷ்யூவாவது முடிச்சுக் கொடுங்க.

சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் பேக்கேஜ் தேடுறது இன்னொரு வியாதி. 2016 மார்ச்ல லெஃப்ட்-பேடுன்னு 11 வரி பேக்கேஜ், ஸ்ட்ரிங்குக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்புறது, எழுதினவர் ஒரு தகராறுல தன் பேக்கேஜ் எல்லாத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்ல இருந்து தூக்கிட்டாரு, பேபல்ங்கற பிரபலமான டூலும் அத நம்பி இருந்த ஏகப்பட்ட ப்ராஜெக்ட்டும் பில்ட் ஆகாம நின்னுடுச்சு. அந்த பேரையே கேள்விப்படாதவங்களுக்கும் அடி, ஏன்னா அவங்க எடுத்த லைப்ரரி எடுத்த லைப்ரரிக்குள்ள அது இருந்துச்சு. நீங்க ஒன்ன எடுக்கறதா நினைக்கிறீங்க, அது தன் சொந்தபந்தம் நாப்பது பேரோட வீட்டுக்குள்ள வருது, என்பிஎம் எல்எஸ் கமாண்ட ஒரு தடவ ஆல் ஆப்ஷனோட ஓட்டிப் பாருங்க.

ஆனா இத கேட்டுட்டு எல்லாத்தையும் நானே எழுதறேன்னு கிளம்பறதும் தப்புதான், நான் அதையும் பண்ணேன். சப்டைட்டில் ஃபைல் தானே, நம்பர், நேரம், வசனம், இதுக்கு எதுக்கு லைப்ரரின்னு நானே பார்சர் எழுதினேன். எஸ்ஆர்டி ஃபார்மட்ல நேரம் 00:01:15,200ன்னு கமா போட்டு வரும், வெப்விடிடிங்கற இன்னொரு சப்டைட்டில் ஃபார்மட்ல அதே 00:01:15.200ன்னு புள்ளி. இது தெரிஞ்சே எழுதினேன், அதுவரைக்கும் சரி. ஆனா சில பேர் ஃபைல்ல மட்டும் முதல் வசனம் காணாம போச்சு, மத்ததெல்லாம் சரியா இருக்கு. ரெண்டு ராத்திரி மண்டைய ஒடைச்சப்புறம்தான் தெரிஞ்சுது, ஃபைல் ஆரம்பத்துல கண்ணுக்கு தெரியாத ஒரு பிஓஎம் கேரக்டர் (எழுத்து எந்த முறையில சேமிச்சிருக்குன்னு காட்டற குறி) உக்காந்திருக்கு, அதனால முதல் வரியில இருக்கற 1 நம்பராவே தெரியல. அப்புறம் யுடிஎஃப்-16, வேற வேற பழைய என்கோடிங் (எழுத்த ஃபைல்ல சேமிக்கற முறை) அப்படின்னு ஒன்னொன்னா வந்துச்சு. இதெல்லாம் அடிபட்டு தேறின லைப்ரரி ஒன்னு ஏற்கனவே இருந்துச்சு. இப்ப என் கணக்கு என்னன்னா, பாத்த உடனே சரியா தப்பான்னு சொல்ல முடியற வேலைய நாமளே எழுதலாம், டைம்ஜோன், என்கோடிங், பாஸ்வேர்ட் ஹாஷ், என்கிரிப்ஷன் மாதிரி ஓடற மாதிரியே இருந்து உள்ள தப்பா இருக்கற வேலைய தேறினவங்ககிட்ட விட்டுடணும். என்கிரிப்ஷன சொந்தமா எழுதறேன்னு யாராவது வந்தா அந்த புல் ரிக்வெஸ்ட்ட அன்பா மூடிடுங்க.

லைசென்ஸ், அதாவது கோட எப்படி பயன்படுத்தலாம்னு எழுதினவர் தர்ற அனுமதி. இந்த பேச்ச எடுத்தாலே எல்லாரும் கொட்டாவி விடுவாங்க, ஆனா ஓப்பன் சோர்ஸ்ல கடைசியில வலிக்கறது இதுதான். கோடு இணையத்துல தெரியுதுங்கறதுக்காக எடுத்துக்கலாம்னு அர்த்தம் இல்ல, லைசென்ஸ் ஃபைலே இல்லன்னா காப்பிரைட் முழுக்க எழுதினவருக்குத்தான், உங்களுக்கு எந்த அனுமதியும் இல்ல. ரெண்டு நல்ல லைசென்ஸ் ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகாமலும் இருக்கும், ஜிபிஎல் (இத சேத்து வெளியிடற கோடும் இதே மாதிரி திறந்திருக்கணும்ங்கற லைசென்ஸ்) வெர்ஷன் 2 மட்டும்னு இருக்கற கோடோட அப்பாச்சி 2.0 லைசென்ஸ் கோட கலந்து வெளியிட முடியாதுங்கறது ஜிபிஎல்ல எழுதின எஃப்எஸ்எஃப் அமைப்போட நிலைப்பாடு, ஜிபிஎல் 3ன்னா முடியும். கமாண்ட் டைப் பண்ற வரிய கவனிச்சுக்கற ரீட்லைன் லைப்ரரி ஜிபிஎல், அத லிங்க் பண்ணி வெளியிட்டா உங்க ப்ரோக்ராமும் ஜிபிஎல்லுக்கு ஒத்துவர்ற லைசென்ஸ்ல இருக்கணும்ங்கறாங்க, அதனாலதான் பல பேர் தளர்வான பிஎஸ்டி லைசென்ஸ்ல இருக்கற, அதே வேலை செய்யற லிப்எடிட் பக்கம் போறாங்க. 2021 மார்ச்ல ரூபி மொழியில மைம்மேஜிக்னு ஒரு ஜெம் (ரூபி பேக்கேஜ்), எம்ஐடிங்கற தளர்வான லைசென்ஸ்னு போட்டு இருந்துச்சு, உள்ள ஜிபிஎல் டேட்டா ஃபைல் ஒன்னு சேந்து வர்றத யாரோ கண்டுபிடிச்சு சொல்ல, பழைய வெர்ஷன்கள நீக்கிட்டாங்க, ரெயில்ஸ்ங்கற வெப் ஃப்ரேம்வொர்க் அத நம்பி இருந்ததால ஊர்ப்பட்ட பேருக்கு அன்னிக்கு இன்ஸ்டால் ஆகல. லைப்ரரி சேக்கறப்பவே பாத்தா ரெண்டு நிமிஷம், ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா பிச்சு எடுத்து திரும்ப எழுதணும், நடுவுல கோடு கொடுத்த அம்பது பேர்கிட்ட அனுமதி கேட்டு அலையற நிலைமையும் வரலாம்.

கோட வெளிய காட்டாத மூடின டூல் மேல ப்ராஜெக்ட்ட கட்டறதுக்கு பழைய உதாரணம் லினக்ஸ் கெர்னலே. 2002ல இருந்து பிட்கீப்பர்ங்கற, கோடு மாத்தங்கள கணக்கு வச்சுக்கற காசு சாஃப்ட்வேர ஓசியில பயன்படுத்திட்டு இருந்தாங்க, 2005ல அந்த ஓசி அனுமதி போச்சு, லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல்ல உக்காந்து அதுக்கு பதிலா கிட்ங்கற டூல எழுத ஆரம்பிச்சாரு. நமக்கு அப்படி ஆச்சுன்னா நாம கிட் எழுத மாட்டோம், அழுவோம். கூகுள் கோடுங்கற தளத்துல ப்ராஜெக்ட் வச்சிருந்தவங்க, தளத்த மூடினதால, 2016 ஜனவரிக்குள்ள மூட்டை கட்ட வேண்டியதாச்சு. இப்ப லைசென்ஸையே நடுவுல மாத்தறாங்க, சர்வர் அமைக்கற டூல் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்ட்ல மாத்துச்சு, அதுல இருந்து ஓப்பன்டோஃபு பிரிஞ்சு வந்துச்சு, ரெடிஸ்ங்கற டேட்டாபேஸ் 2024 மார்ச்ல மாத்துச்சு, அதுல இருந்து வால்கி வந்துச்சு. எந்த சர்வீஸையும் தொடாதீங்கன்னு சொல்லல, நானும் ஹோஸ்டட் சிஐ (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட தானா ஓட்டற சர்வீஸ்) தான் ஓட்டறேன். ஆனா டெஸ்ட் ஓட்டற கமாண்ட் எல்லாம் ரிப்போல ஒரு ஸ்கிரிப்ட்டா இருக்கும், சிஐ ஃபைல் அத கூப்பிடறதோட சரி. நாளைக்கு சிஐ மாத்தணும்னா ஒரு ஃபைல் மாத்தினா போதும், கான்ட்ரிப்யூட்டரும் அதே ஸ்கிரிப்ட்ட தன் மெஷின்ல ஓட்டிக்கலாம்.

வெர்ஷன் விஷயம் சுருக்கமா. அப்ளிகேஷன்னா லாக் ஃபைல (எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு துல்லியமா எழுதி வைக்கற ஃபைல்) கமிட் பண்ணுங்க, சிஐல என்பிஎம் இன்ஸ்டால் கமாண்ட் போடாம, லாக்ல இருக்கறத அப்படியே எடுக்கற என்பிஎம் சிஐ கமாண்ட் போடுங்க. 2022 ஜனவரியில கலர்ஸ் பேக்கேஜ எழுதினவரே அதுல முடியாத லூப்ப போட்டு விட்டாரு, வெர்ஷன தளர்வா விட்டு லாக் இல்லாம இருந்தவங்களுக்கு தானா வந்து இறங்கிடுச்சு. நீங்க எழுதறது லைப்ரரின்னா உங்க லாக் ஃபைல் உங்களுக்கு மட்டும்தான், உங்க லைப்ரரிய எடுக்கறவங்களுக்கு அது போகாது, அதனால எந்த வெர்ஷன்ல இருந்து எது வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற ரேஞ்ச யோசிச்சு போடணும், குறைஞ்சபட்ச வெர்ஷன்லயும் சிஐய ஒரு தடவ ஓட்டணும்.

பில்டுக்கு மட்டும் தேவைப்படற டூலும் டிபென்டென்சி, அதாவது நம்ம ப்ராஜெக்ட் நம்பியிருக்கற பொருள்தாங்கறத மறந்துடறோம். பைத்தானோட கிரிப்டோகிராஃபி லைப்ரரி 2021 பிப்ரவரியில 3.4 வெர்ஷன்ல ரஸ்ட்ட உள்ள கொண்டு வந்துச்சு, நல்ல முடிவுதான், ஆனா ரெடிமேட் வீல் (முன்னாடியே பில்ட் பண்ணி வச்ச பைத்தான் பேக்கேஜ்) கிடைக்காத மெஷின்ல சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணிட்டு இருந்தவங்க, அப்ப ஆல்பைன் லினக்ஸ் ஓட்டினவங்க, திடீர்னு ரஸ்ட் கம்பைலர் கேக்குதேன்னு முழிச்சாங்க.

ஃபார்மட்டர் (கோட ஒரே மாதிரி அடுக்கித் தர்ற டூல்) பத்தி ஒரு வரி, எதையாவது ஒன்ன எடுத்து டீஃபால்ட்ல விட்டுட்டு போங்க, டேபா ஸ்பேஸான்னு சண்டை போட்டு போன நேரத்துல ரெண்டு பக் முடிச்சிருக்கலாம்.

என் ப்ராஜெக்ட்ல இப்ப டாக்கர் இல்ல, ஹூக் இல்ல, ஒரே ஒரு லின்டர். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் சேத்திருக்கேன், எந்த லைப்ரரி சேத்தாலும் அதுல மூணு வரி எழுதணும், எதுக்கு எடுத்தோம், வேற எத பாத்து வேண்டாம்னு விட்டோம், என்ன லைசென்ஸ். அந்த மூணு வரி எழுத சோம்பேறித்தனப்பட்டே நான் மூணு லைப்ரரிய சேக்காம விட்டிருக்கேன்.