டிவிடிக்குள் இருக்கும் வெள்ளை முயலைக் கணினியில் வரவழைப்பது எப்படி?

'தி மேட்ரிக்ஸ்' படத்தின் 1999 டிவிடியில் எனக்கு மிகப் பிடித்த வசதி ஒன்று உண்டு. படம் ஓடும்போதே சில காட்சிகளில் திரையில் வெள்ளை முயல் ஒன்று தோன்றும். அந்த நேரத்தில் என்டர் அழுத்தினால், அந்தக் காட்சியை எடுத்த விதத்தைக் காட்டிவிட்டு மறுபடி படத்துக்கே கொண்டுவந்து விடும். போன மாதம் டிஸ்க்கைத் தூசி தட்டிக் கணினியில் போட்டேன். படம் ஓடியது, முயல் வரவில்லை. இரண்டு ராத்திரி போன பிறகுதான் காரணம் பிடிபட்டது.

கணினியில் வீடியோ ஓட்டும் மென்பொருளாக விஎல்சி போதும். எம்பிவி என்ற இன்னொரு பிளேயரும் அருமையானதுதான், ஆனால் அதில் டிவிடி மெனு வராது.

1. விஎல்சியில் கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தி, டிவிடியைத் தேர்வு செய்யுங்கள். 'நோ டிஸ்க் மெனுஸ்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

2. மெனு வந்ததும் நேராகப் படத்தைப் போட்டுவிடாதீர்கள். நான் சறுக்கியது இங்கேதான். சிறப்பு அம்சங்களுக்குள் போய் 'ஃபாலோ த வைட் ராபிட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்துதான் படத்தைத் தொடங்க வேண்டும். டிவிடி பிளேயருக்குள் 16 சின்ன நினைவு அறைகள் உண்டு. மெனுவில் நாம் தேர்ந்தெடுப்பதைப் பொதுவாக அவற்றில்தான் டிஸ்க் குறித்து வைக்கும். மெனுவைத் தாண்டிக் குதித்தால் குறிப்பே இருக்காது.

3. முயல் சில நொடிதான் நிற்கும். விரல் என்டர் மேலேயே இருக்கட்டும். மவுஸால் முயலைச் சொடுக்கினாலும் சரி.

டிஸ்க் கீறல் விழுவதற்குள் பிரதி எடுத்து வைப்பவர்கள் கவனிக்க: எம்கேவி என்ற வீடியோ கோப்பாக மாற்றினால் படம், ஒலி, சப்டைட்டில் மிஞ்சும், முயல் போய்விடும். எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே தாவ வேண்டும் என்ற கட்டளைகள் டிஸ்க்கில் வழிகாட்டும் தகவல் உள்ள ஐஎஃப்ஓ கோப்புகளிலும், படமும் ஒலியும் உள்ள விஓபி கோப்புகளுக்குள் படத்தோடு பின்னிய சின்னச் சின்னப் பொட்டலங்களிலும் இருக்கின்றன. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்ற ஹேண்ட்பிரேக் நல்ல கருவி, இந்த வேலைக்கு மட்டும் வேண்டாம். முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ ஆக, அதாவது அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, எடுப்பதே என் வழி. விஎல்சி அதை மெனுவோடு திறக்கும்.

பின்சேர்க்கை: புளூ-ரேயிலும் இதே போல் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே பல டிஸ்க்குகளின் மெனு ஒரு ஜாவா நிரல். அதனால் கணினியில் ஜாவாவும் வேண்டும், அப்போதும் எல்லா டிஸ்க்கும் திறக்காது. படத்தின் மூலையில் சின்னக் கட்டத்தில் இயக்குநர் பேசும் 'போனஸ் வியூ' வகை அம்சங்களுக்கு நான் கணினியை நம்புவதே இல்லை. டிவியோடு இணைக்கும் தனி பிளேயரையோ பழைய பிளேஸ்டேஷன் 3-ஐயோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேயர் வாங்கினால் அதன் திறனைக் குறிக்கும் எண் 'ப்ரொஃபைல் 1.1' அல்லது அதற்கு மேலா என்று பார்த்து வாங்குங்கள், 1.0-வில் அந்தச் சின்னக் கட்டம் வராது.