முதல் இரவிலிருந்தே குழந்தைக்கு ஒரு கட்டில்: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்குப் போர்ட்டகாட் வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் வாடகை வீடுகள் பெரும்பாலும் வெறும் வீடுகளாகத்தான் கைக்கு வரும். கட்டில், மெத்தை, மேசை எல்லாவற்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும். அந்த வீடும் வந்த உடனே கிடைத்துவிடாது. சனிக்கிழமைகளில் வரிசையில் நின்று வீடு பார்த்து, விண்ணப்பம் போட்டு, பதில் வரும்வரை சிட்னியின் மேற்குப் பகுதியிலுள்ள வென்ட்வொர்த்வில்லிலோ டூங்காபியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம். அல்லது வார வாடகைக்கு ஓர் அறை எடுப்போம். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையோடு வருபவர்களுக்கு இந்த இடைக்காலத்தில் முதலில் தேவைப்படுவது மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கட்டில். இங்கே எல்லோரும் அதைப் போர்ட்டகாட் என்கிறார்கள். கடையிலும் அப்படியே கேளுங்கள்.

குழந்தை நம்மோடு படுத்துக்கொள்ளும், தனிக் கட்டில் எதற்கு என்று தோன்றலாம். ஊரில் தரையில் பாய் விரித்து, இருபுறமும் பெரியவர்கள் படுத்த பழக்கம் அது. இங்கே விருந்தினர் அறையில் உங்களுக்குக் கிடைப்பது உயரமான ஸ்பிரிங் கட்டிலாகவோ, விரித்தால் நடுவில் குழிவிழும் சோபா கட்டிலாகவோ இருக்கும். புரண்டு படுக்கும் குழந்தை அங்கிருந்து விழும், அல்லது மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கும். நேர மாற்றத்தால் நள்ளிரவு 2 மணிக்கு விழித்துக்கொள்ளும் குழந்தைக்கு, நீங்கள் கண் அசந்தாலும் பத்திரமாக இருக்கும் ஓர் இடம் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்ட்டகாட்டுகளுக்கு எடை வரம்பு 15 கிலோ. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி 2 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை சுமார் 12 கிலோ, 3 வயதில் 14 கிலோவுக்குச் சற்று மேல். கணக்குப்படி 3 வயதுவரை தாங்க வேண்டும். நடப்பில் எடைக்கு முன்னால் வந்து நிற்பது ஏறும் திறமைதான். மேல் கம்பி குழந்தையின் மார்பளவுக்கு வந்துவிட்டால், ஒரு காலைத் தூக்கிப் போட முயல்வதைப் பார்த்துவிட்டால், அந்தக் கட்டிலின் காலம் முடிந்தது. உங்கள் குழந்தை இப்போதே சோபா முதுகில் ஏறி நிற்கும் ரகம் என்றால், போர்ட்டகாட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கடைசியில் சொல்லியிருக்கும் தரைப் படுக்கைக்கு நேராகப் போய்விடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் நம்மவர்கள் மனம் சுணங்குவது மெத்தையைப் பார்த்துத்தான். நான்காக மடங்கும் பலகை, அதன்மேல் இரண்டு விரல் தடிமன்கூட வராத நுரை. கையால் தட்டினால் சத்தம் கேட்கும். ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்க்கும் அம்மம்மா, "இந்தக் கட்டையிலா பிள்ளையைப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்பார். அன்றைக்கே மேலே ஒரு மெத்தையோ மடித்த தடித்த போர்வையோ ஏறிவிடும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். போர்ட்டகாட்டின் பக்கங்கள் வலைத்துணி. அழுத்தினால் வெளியே பிதுங்கும். கூடுதலாக ஒரு மெத்தை வைத்தால் அதற்கும் வலைக்கும் இடையே ஒரு சந்து உண்டாகும். தூக்கத்தில் குழந்தையின் முகம் அந்தச் சந்துக்குள் போய் மூச்சு முட்டிய விபத்துகள் பதிவாகியுள்ளன. தரை உயர்ந்துவிடுவதால் ஏறிக் குதிப்பதும் எளிதாகிவிடும். தூக்கத்தில் நேரும் குழந்தை மரணங்களைத் தடுக்கப் பாடுபடும் ரெட் நோஸ் அமைப்பு, கட்டிலோடு வந்த மெத்தையைத் தவிர வேறெதையும் போடவே கூடாது என்கிறது. மெத்தையை மெல்லியதாகவும் கெட்டியாகவும் செய்திருப்பதே இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பருத்தி விரிப்பு போதும். சில இரவுகளில் குழந்தை பழகிவிடும்.

அடுத்தது பூட்டு. விரிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கட்டில் அடித்தளத்தின் நடு அச்சு மேலே தூக்கியபடி இருக்கும்போதே நான்கு மேல் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, 'டிக்' என்று விழ வைக்க வேண்டும். அதன் பிறகுதான் நடுவைக் கீழே அழுத்த வேண்டும். முதலில் நடுவை அழுத்திவிட்டால் கம்பிகள் பூட்டிக்கொள்ளாது. பார்வைக்குப் பூட்டியது போலவே நிற்கும் என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு கம்பியின் மத்தியிலும் உள்ளங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். சற்றும் தொய்யக் கூடாது. 1998இல் அமெரிக்காவின் சிகாகோவில் டானி கீசர் என்ற குழந்தை, ஒன்றரை வயதுகூட நிறையாத நிலையில், பகல் தூக்கத்தில் இறந்தது இப்படித்தான். பகல் நேரக் குழந்தைக் காப்பக வீட்டிலிருந்த மடக்குக் கட்டிலின் மேல் கம்பி மடங்கிக் கழுத்தை நெரித்துவிட்டது. அந்த மாடலை 5 ஆண்டுகளுக்கு முன்பே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றிருந்தார்கள். காப்பகத்துக்கு அது தெரியவில்லை. 2008இல் அமெரிக்கா நிறைவேற்றிய குழந்தைப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு அந்தக் குழந்தையின் பெயரிலேயே இருக்கிறது.

பழைய போர்ட்டகாட்டை வாங்குபவர்கள், தெரிந்தவர்கள் பாசத்தோடு கொடுப்பதை வாங்கிக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வந்த புதிதில் கையில் பணம் இருக்காது, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் கம்ட்ரீ என்ற விளம்பரத் தளத்திலும் மலிவாகக் கிடைக்கும், வாங்குவதில் தவறில்லை. ஆனால் மாடல் பெயரை ஆஸ்திரேலியப் பொருள் பாதுகாப்பு இணையதளத்தின் திரும்பப் பெறுதல் பட்டியலில் தேடிவிட்டுப் போங்கள். அங்கே போய் நீங்களே விரித்து, நீங்களே மடித்துப் பாருங்கள். வலையில் கிழிசல், தையல் விட்ட மூலை, காணாமல் போன அசல் மெத்தை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். மடக்குக் கட்டில்களுக்கான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரநிலையின் எண் 2195. பெட்டியிலோ கட்டிலின் அடிப்பகுதியிலோ அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பெயர் தெரியாத கட்டில்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வகைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெரிய கடைகளில் 100 டாலருக்குள் கிடைக்கும் சாதாரணப் போர்ட்டகாட் 10 கிலோ அளவுக்குக் கனக்கும். காரில் வைத்து வீடு மாறுபவர்களுக்கு அது போதும். கைக்குழந்தைக்கென மேல் தட்டு ஒன்று சேர்ந்து வரும். புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கிவிட்ட குழந்தையை ஒருபோதும் அதில் படுக்க வைக்காதீர்கள். ரயிலிலும் விமானத்திலும் அடிக்கடி போகிறவர்கள் கொஞ்சம் அதிகம் கொடுத்து இலகுவானதை வாங்கலாம். பேபி பியோர்ன் கட்டில் மெத்தையோடு சுமார் 6 கிலோ. நியூசிலாந்து நிறுவனமான ஃபில் அண்ட் டெட்ஸின் கட்டில் சுமார் 3 கிலோ. பின்னதில் பக்கவாட்டில் ஜிப் வாசல் இருக்கிறது. குழந்தையோடு தரையில் படுத்து, தட்டித் தூங்க வைத்து, ஜிப்பை மூடிவிட்டு எழுந்துவரலாம். தட்டிக்கொடுத்தால்தான் தூங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வாசல் பெரிய வசதி. ஓரிரு வாரத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் வாடகைக்கும் கிடைக்கும்.

ஊரிலிருந்து ஸ்பிரிங் தொட்டிலைக் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொண்டுவராதீர்கள். இங்கே கூரையின் உட்புறம் பெரும்பாலும் ஜிப்சம் பலகை, கொக்கி தாங்காது. வாடகை வீட்டில் துளையிட அனுமதியும் வேண்டும். கோரைப் பாய் கொண்டுவரலாம். ஆனால் அது தாவரப் பொருள் என்பதால் விமானத்தில் தரும் பயணி அட்டையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். சுத்தமாக, பூச்சியோ விதையோ மண்ணோ இல்லாமல் இருந்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம்.

கட்டிலை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஜன்னல் திரையின் கயிறு குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. ஹீட்டர், மின்கம்பி பக்கத்திலும் வேண்டாம். சிட்னியின் ஜூலை இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பழைய வாடகை வீடுகளில் அந்தக் குளிர் அப்படியே உள்ளே வரும். போர்வை மேல் போர்வை போடுவதைவிடக் உடைபோல மாட்டிவிடும் குழந்தைகளுக்கான தூக்கப் பை நல்லது. அதன் தடிமனை டாக் என்ற அளவில் குறித்திருப்பார்கள். கோடைக்கு 1க்குக் கீழே, குளிர்காலத்துக்கு 2.5 அளவில் வாங்குங்கள். பைக்குள் கால்கள் இருப்பதால் கம்பிமேல் காலைப் போடுவதும் கடினம். ஏறத் தொடங்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு இது சில மாதங்களைப் பெற்றுத்தரும்.

ஏறிவிட்டால், தரைப் படுக்கைதான். கெட்டியான மடக்கு நுரை மெத்தையைத் தரையில் போட்டு, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். 2 வயதுக்குள் காற்று மெத்தை வேண்டாம். இரவில் காற்று இறங்கினால் முகம் புதையும். தரையில் படுக்கும் குழந்தை விழித்ததும் நடக்கத் தொடங்கும் என்பதால், அன்றிலிருந்து அறை முழுவதையும் அதன் உயரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். இழுப்பறை அலமாரியும் புத்தக அலமாரியும் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குழந்தைப் பாதுகாப்புக்காக அப்படிப் பிணைக்க அனுமதி கேட்டால், வீட்டு உரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்க முடியாது. ஏஜென்டிடம் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். அலமாரி வீட்டுக்கு வரும் முன்பே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.