காந்தப்புயல் அடித்தால் கம்பியில் எத்தனை ஆம்பியர்? கையாலேயே கணக்குப் போடலாம்

1989 மார்ச் 13 அதிகாலை, சூரியனிலிருந்து வந்த காந்தப்புயலில் கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அன்று மின்பாதைகளில் புகுந்த வேண்டாத மின்னோட்டத்தை ஜிஐசி (காந்தப்புயல் தூண்டிய மின்னோட்டம்) என்பார்கள். அதைக் கணக்கிட ஓம் விதியும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

1. மின்புலம். பூமியின் காந்தப்புலம் சட்டென்று மாறும்போது நிலத்தில் மின்புலம் உருவாகிறது. மின்சாரத்தை எளிதில் கடத்தாத பாறை இருக்கும் இடத்தில் இது அதிகம். கியூபெக் அப்படிப்பட்ட பழம்பாறையின் மேல்தான் இருக்கிறது. இப்போதைக்குக் கிலோமீட்டருக்கு 1 வோல்ட், கிழக்கு மேற்காக என்று வைத்துக்கொள்வோம்.

2. மின்னழுத்தம். கிழக்கு மேற்காக 200 கி.மீ. மின்பாதை என்றால் 200 வோல்ட். பாதை சாய்ந்திருந்தால், கிழக்கு மேற்கிலிருந்து அது விலகும் கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால், கம்பி நடுவில் எப்படி வளைந்து போனாலும் இரண்டு முனைகளும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கணக்கு.

3. மின்தடை. நேரம் பிடிப்பது இங்கேதான். ஜிஐசி மிக மெதுவாக மாறுவதால் அதை டிசி (ஒரே திசை மின்னோட்டம்) போலவே எடுத்துக்கொள்கிறோம், ஏசிக்கு மட்டும் தடையாக வரும் ரியாக்டன்ஸை மறந்துவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸ் சுருள்களும் நியூட்ரல் என்ற ஒரே புள்ளியில் சேர்ந்து, அந்தப் புள்ளி எர்த் செய்யப்பட்டிருக்கும் ஸ்டார் சுற்று வழியாகத்தான் அது நிலத்துக்கு இறங்கும். சுருள்கள் முக்கோணமாக இணைந்த டெல்டா பக்கம் வழியில்லை.

மூன்று ஃபேஸ் கம்பிகளும் இணையாக இருப்பதால், ஃபேஸுக்கு 3 ஓம் என்றால் மொத்தம் 1 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்று ஃபேஸுக்கு 0.6 ஓம், மூன்றால் வகுத்தால் 0.2, இரு முனைக்கும் சேர்த்து 0.4. துணைமின் நிலைய எர்த் மின்தடை ஒவ்வொன்றும் 0.3, இரண்டுக்கும் 0.6. இதை மட்டும் மூன்றால் வகுக்கக் கூடாது, ஏனென்றால் மூன்று ஃபேஸ் மின்னோட்டமும் சேர்ந்து அந்த ஒரே வழியில்தான் இறங்குகிறது. புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆக மொத்தம் 2 ஓம்.

நிஜக் கட்டமைப்பில் இந்த எண்களைத் திரட்டுவதுதான் பெரும்பாடு. சுற்றின் டிசி மின்தடை டிரான்ஸ்ஃபார்மரின் சோதனை அறிக்கையில் கிடைக்கும். எர்த் மின்தடைக்கோ பழைய அளவீடுகளைத் தோண்ட வேண்டும்.

4. வகுத்தல். 200 ÷ 2 = 100 ஆம்பியர் நியூட்ரலில்; ஃபேஸுக்கு சுமார் 33.

5. இது அதிகமா? வட அமெரிக்க மின்கட்டமைப்பின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் நெர்க் அமைப்பின் விதிப்படி, ஃபேஸுக்கு 75 ஆம்பியரோ அதற்கு மேலோ வந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டை ஆராய வேண்டும். அவர்களுடைய மாதிரிப் புயல் காந்த அட்சரேகை 60 டிகிரியில் கிலோமீட்டருக்கு 8 வோல்ட். எல்லாம் நேர்விகிதம்தானே, 33ஐ எட்டால் பெருக்குங்கள்: சுமார் 267! அதே விதியில் 40 டிகிரியிலும் அதற்குக் கீழும் புலம் இதில் பத்தில் ஒரு பங்குதான்.

சூடு மட்டும் பிரச்சினை இல்லை. இந்த டிசி, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகத்தை ஏசியின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் தெவிட்ட வைக்கும், அதாவது அதற்கு மேல் காந்தத்தை ஏற்க முடியாத நிலைக்குத் தள்ளும். அது ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் அலையும் மின்திறனை) உறிஞ்சும், ஹார்மானிக்ஸை (மின்னலையின் வடிவத்தைக் கெடுக்கும் மடங்கு அதிர்வெண் அலைகளை) கக்கும். கியூபெக்கில் அந்த ஹார்மானிக்ஸால்தான் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்த ஏழு ஈடுசெய்யும் கருவிகள் வரிசையாக டிரிப் ஆயின.

6. அடுத்து. பல நிலையங்கள் இருந்தால் அணி (மேட்ரிக்ஸ்) கணக்கு வேண்டும். பின்லாந்தின் லேஹ்டினன், பிர்யோலா இருவரும் 1985ல் தந்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பைத்தானில் எழுதிவிட்டு, 2012ல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் வந்த, 20 பஸ் (மின்பாதைகள் சந்திக்கும் இணைப்புப் புள்ளி) கொண்ட மாதிரிக் கட்டமைப்பில் ஓட்டிப் பாருங்கள். விடைகளும் அதிலேயே இருக்கின்றன.