தனிஜெபம்: பதினைந்து நிமிடத்தில் தொடங்குவது எப்படி

தனிஜெபம் நின்றுபோனால் பலரும் தங்கள் விசுவாசத்தையே குறைசொல்லி நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. நேரம் குறிக்கவில்லை, இடம் ஒதுக்கவில்லை, உட்கார்ந்தபின் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மூன்றுமே சரிசெய்யக்கூடியவை.

முதலில் நேரம். எழுப்புதல் கூட்டம் முடிந்த கையோடு “நாளை முதல் தினம் ஒரு மணி நேரம்” என்று தீர்மானிப்பவர்கள் இரண்டு வாரம்கூடத் தாண்டுவதில்லை. பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் ஒரே வேளையில் இருக்கட்டும். வேலை அதிகம் என்பவர்கள் மாற்கு முதல் அதிகாரத்தைச் சேர்த்து வாசிக்க வேண்டும். பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடிவந்து, இயேசு வெகுநேரம் உழைத்த அந்த மாலைக்கு மறுநாள்தான் அவர் இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார் (1:32-35). அதற்காக அதிகாலை எல்லாருக்கும் கட்டாயம் அல்ல. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். இரவு வேலைக்குப் போகிறவருக்கு வீடு திரும்பிய பின்பு கிடைக்கும் கால்மணி நேரமே அதிகாலை.

இடம் சிறிதாயிருந்தாலும் பரவாயில்லை. கட்டில் மட்டும் வேண்டாம், தூக்கம் வந்துவிடும். “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்று ஆண்டவர் சொன்னதை இன்று கைபேசிக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமச் செயலியைத் திறந்த கையில் அடுத்த நிமிடம் வேறொரு செய்தி வந்து நிற்கும். அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, இவை போதும்.

உட்கார்ந்ததும் பேசத் தொடங்காதீர்கள். இரண்டு நிமிடம் அமைதியாயிருந்து, யார் முன்னிலையில் இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சங்கீதம். இதற்கே ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்வோம், ஏனென்றால் “ஜெபிக்க வார்த்தை வரவில்லை” என்ற கஷ்டம் தீருகிற இடம் இதுதான். சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். ஒரு வசனத்தை வாய்விட்டு மெதுவாக வாசித்து நிறுத்தி, அதையே உங்கள் நிலைமையை வைத்துச் சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று தாவீது கேட்கும் இடத்தில், எந்தக் காரியத்துக்காகக் காத்திருக்கிறீர்களோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முறையீட்டில் தொடங்கும் அந்தச் சங்கீதம் பாட்டில் முடிகிறது. உங்கள் மனம் இன்னும் அங்கே வந்து சேராவிட்டால், முகத்துதியாக எதையும் சொல்ல வேண்டாம். இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது.

அடுத்து பாவ அறிக்கை, மூன்று நிமிடம். “என் பாவங்களையெல்லாம் மன்னியும்” என்று மொத்தமாகச் சொல்வது எளிது. அதனாலேயே அதில் மாற்றம் குறைவு. நேற்று யாரிடம் என்ன சொன்னீர்கள், எதை மறைத்தீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். யாரிடமாவது போய் ஒப்புரவாக வேண்டும் என்று தோன்றினால் நோட்டில் எழுதி, அன்றே செய்யுங்கள்.

மீதி ஐந்து நிமிடம் விண்ணப்பமும் மற்றவர்களுக்கான மன்றாட்டும். தெரிந்த எல்லாருடைய பெயரையும் தினமும் அடுக்கினால் அது வருகைப்பதிவு ஆகிவிடும். வாரத்தின் நாட்களுக்குப் பிரித்து, நாளுக்கு நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அவரை ஆசீர்வதியும்” என்பதோடு நிறுத்தாமல், அவருக்கு இன்று தேவையானதைக் கேளுங்கள். நோட்டின் இடப்பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலப்பக்கம் வெற்றிடம். பல மாதம் கழித்து அங்கே எழுதுவது எப்போதும் “கிடைத்தது” என்றிருக்காது. பவுல் மூன்று தரம் வேண்டியும், ‘மாம்சத்திலே ஒரு முள்’ என்று அவன் சொன்ன வேதனை நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்பதே பதிலாக வந்தது. அதுவும் எழுதப்பட வேண்டிய பதில்தான். கடைசியில் பரமண்டல ஜெபத்தை அவசரப்படாமல் சொல்லி முடியுங்கள்.

இடையில் மனம் அலைபாயும். பாதி ஜெபத்தில் கட்ட வேண்டிய பணம் நினைவுக்கு வந்தால் நோட்டின் ஓரத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுத் தொடருங்கள். திரும்பத் திரும்ப ஒரே கவலை வந்தால் அதைத் துரத்த வேண்டாம்; அன்றைக்கு ஜெபிக்க வேண்டிய பொருளே அதுவாக இருக்கலாம். தூக்கம் வந்தால் எழுந்து நின்றோ நடந்தோ வாய்விட்டு ஜெபியுங்கள். இன்னொன்று, சபையில் ஜெபிக்கும் அடுக்குமொழி தனியறைக்குள்ளும் வந்துவிடுகிறது. வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் முப்பது நிமிடமாக்கி ஈடுகட்ட முயல வேண்டாம். அந்தக் கடன் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஜெபமே நின்றுவிடும். வழக்கமான பதினைந்து நிமிடத்துக்குத் திரும்புங்கள்.

பகலில் குறுஞ்ஜெபங்களைப் பழகுங்கள்: ஒரு அழைப்பை எடுக்குமுன், கடினமான பதிலைச் சொல்லுமுன், ஒரே வாக்கியம். ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் (2:4). ஆனால் கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அவன் அதே காரியத்துக்காக, அதாவது இடிந்துகிடந்த எருசலேமுக்காக, தனிமையில் அழுது, உபவாசித்து, மன்றாடியிருந்தான். குறுஞ்ஜெபம் மட்டும் போதும் என்று காலை ஜெபத்தை விட்டுவிடுகிறவர்கள் முதல் அதிகாரத்தையும் வாசித்துவிட்டு இரண்டாவதுக்கு வரட்டும்.