கெமோமில் டிங்சர்: முதல்முறை செய்பவர்களுக்கு

டிங்சர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது முழங்கால் சிராய்ப்பில் எரிய எரியத் தடவிய அயோடின்தான். அயோடின் ஆல்கஹாலில் கரைந்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர். மூலிகையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்தாலும் டிங்சர்தான். பழகுவதற்குக் கெமோமில், அதாவது சீமைச்சாமந்தி, நல்ல தேர்வு. காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். ஆப்பிள் வாசனை வந்தால் நல்ல சரக்கு, வைக்கோல் வாசனை வந்தால் பழசு.

அடுத்தது ஆல்கஹால். 40 சதவீத வோட்கா போதும். அதிலுள்ள தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. வாசனை எண்ணெயையும் பிசினையும் ஆல்கஹால் இழுக்கும், பசைப்பொருளையும் சர்க்கரையையும் தண்ணீர் இழுக்கும். காயம் துடைக்கும் ஐசோபுரொப்பைல், மெத்தனால் கலந்த ஸ்பிரிட் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். உள்ளே போனால் இரண்டும் விஷம். மெத்தனால் பார்வையையே பறித்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த கண்ணாடி ஜாடியில் 25 கிராம் பூவைப் போட்டு 250 மில்லி வோட்கா ஊற்றுங்கள். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு என்பதுதான் வழக்கமான கணக்கு. ஆனால் இந்தப் பூ பஞ்சு மாதிரி உப்பி நிற்கும், அந்த அளவில் மூழ்கவே மூழ்காது. அதனால்தான் பத்துப் பங்கு.

கரண்டியால் அழுத்திவிட்டு மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். பூ குடித்துவிட்டு மட்டம் இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. என் முதல் ஜாடியில் பச்சைப் புதினா போட்டிருந்தேன். இலையின் ஈரம் வோட்காவை நீர்க்கவைத்தது, மேலே தெரிந்த இலைகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அப்படியே கொட்டினேன்.

தேதி எழுதி ஒட்டி, இருட்டான அலமாரியில் 4 முதல் 6 வாரம் வையுங்கள். தினமும் ஒரு குலுக்கு. சில நாளிலேயே தெளிந்த வோட்கா தேன் நிறத்துக்கு மாறிவிடும், அதற்காக அவசரப்பட வேண்டாம். சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பில் வைக்கவே கூடாது. ஆல்கஹால் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

அப்புறம் மெல்லிய துணியில் வடிகட்டி, முறுக்கிப் பிழியுங்கள். கடைசியாகச் சொட்டுவதுதான் கெட்டி. அடியில் தங்கும் மண்டிக்காக ஒரு ராத்திரி விட்டு, காபி ஃபில்டரில் இன்னொரு தடவை வடித்து, பழுப்புக் கண்ணாடி டிராப்பர் பாட்டிலில் அடையுங்கள். வெளிச்சம் படாமல் இருந்தால் சில வருஷம் தாங்கும்.

ராக்வீட் என்ற களைச்செடி, செவ்வந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குழந்தைகளுக்கும் மதுவை விட்டவர்களுக்கும் இது சரிவராது. மது வேண்டாம் என்பவர்கள் மூன்று பங்கு உணவுத்தர கிளிசரினில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து இதே முறையில் ஊறவைக்கலாம். இனிப்பாக இருக்கும்; ஆனால் சாறு அவ்வளவு இறங்காது, ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.