கிளஸ்டர் தலைவலியா? ஆக்சிஜன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க

கண்ணுக்குப் பின்னாடி ஒரு பக்கம் மட்டும் குத்தி எடுக்குது, அந்தக் கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்கு அடைக்குது, படுக்கவே முடியாம நடந்துக்கிட்டே இருக்கீங்க, தினமும் அதே நேரத்துக்கு வருதுன்னா கிளஸ்டர் தலைவலியா இருக்கலாம், நியூராலஜிஸ்ட்டை (நரம்பு டாக்டரை) பாருங்க. சாதாரண வலி மாத்திரையை நம்பி காத்திருக்காதீங்க, அது வேலை செய்யறதுக்குள்ள வலி உச்சத்துக்குப் போயிடும், பாவம் அந்த வலி எதிரிக்குக்கூட வரக்கூடாது. வலி தொடங்கின உடனே மாஸ்க் வச்சு சுத்தமான ஆக்சிஜன், நிமிஷத்துக்கு 12-15 லிட்டர் வேகத்துல 15 நிமிஷம் எடுத்தா நிறைய பேருக்கு அடங்கிடுது, இல்லேன்னா சுமாட்ரிப்டான் ஊசி (இதய நோய் இருந்தா ஊசி ஆகாது). ரெண்டுக்கும் டாக்டர் சீட்டு வேணும். ஆக்சிஜன் பக்கத்துல சிகரெட், நெருப்பு வேண்டவே வேண்டாம். இந்தத் தலைவலி வர்ற வாரங்கள்ல மது தொடாதீங்க, அதுவே வலியைக் கிளப்பி விட்டுடும்.